ஊதிக் குடிக்காதவள்

புது வேலைக்குப் போகிறவன் முதலில் செருப்பைத்தான் கவனிக்க வேண்டும், சார். முகத்தை யார் வேண்டுமானாலும் கழுவிக்கொண்டு வந்துவிடலாம். மேலதிகாரி தலையைக் குனிந்து யோசிக்கிறபோது அவர் கண்ணில் படுவது நம் செருப்புதான். இது என் அப்பா சொன்னது. துணிக்கடைத் தெருவில் தரகர் அவர். எங்கள் வீட்டுக்குள் பேரம் பேசாமல் உப்புக்கூட வராது. அம்மா காய்ச்சலில் கிடந்தபோதும் டாக்டரிடம் ஊசியின் விலையைக் குறைத்துவிட்டுத்தான் கையை நீட்டினாள்.

ஆகவே, தேயிலைக் கம்பெனியில் ருசி பார்க்கும் வேலைக்குச் சேர்ந்த அன்று எல்லாரையும் முந்திக்கொண்டு போய் நின்றேன். செருப்பு பளபளவென்று இருந்தது. ருசி அறைக்குத் தலைவரை, அவர் முதுகுக்குப் பின்னால், ‘நாக்கு சார்’ என்பார்கள். அவர் பேசப் பேச அளவாகத் தலையாட்டினேன். அதிகம் ஆட்டினால் ஜால்ரா, ஆட்டாவிட்டால் திமிர். அந்த அளவு கைவர வளர்ப்பு வேண்டும்.

அவளும் அன்றுதான் சேர்ந்தாள். தாமதமாக வந்தாள், தலையைச் சரியாக வாரக்கூட இல்லை. “பஸ்ஸ விட்டுட்டேன் சார்” என்று சிரித்தாள். அந்த இடத்திலேயே மனதுக்குள் அவளைத் தள்ளுபடி செய்துவிட்டேன். எங்கள் இருவரில் ஒருவரைத்தான் நிரந்தரம் செய்வார்கள் என்று சொல்லியிருந்தார்கள்.

நாக்கு சார் அவளிடம் ஒரு கோப்பையை நகர்த்தினார். கண்ணை மூடி ஒரே உறிஞ்சு. துப்பினாள்.

“இலை நல்ல இலைதான் சார். ஆனா இந்த மூட்டைக்குப் பக்கத்துல யாரோ சோப்பு அடுக்கி வச்சிருந்திருக்காங்க.”

கிடங்குக்குப் போன் போட்டார்கள். சோப்புப் பெட்டிகள் இருந்தன. அதற்குப் பிறகு என் செருப்பை யார் பார்க்கப்போகிறார்கள்?

கொஞ்ச நாளிலேயே அவளுக்கு ‘உள்நாக்கு’ என்று பேர் விழுந்தது. கணக்குப் பிரிவுக்காரர் என் தோளில் தட்டி, “நாக்கும் ஆச்சு, உள்நாக்கும் ஆச்சு. உனக்கு என்னப்பா பேரு வைக்கிறது, கடவாய்ப்பல்லா?” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். கடைசிவரை சிரித்துக்கொண்டிருந்தது நான்தான்.

நான் காரத்தை விட்டேன். வெங்காயத்தை விட்டேன். சோப்பு மணம் மூக்கைக் கெடுக்கும் என்று வெறும் தண்ணீரில் குளித்தேன். அவளோ வழியில் எதையாவது கொறித்துக்கொண்டே வருவாள், வாயைக் கொப்பளித்துவிட்டு உட்காருவாள், சரியாகச் சொல்வாள். உழைக்காமல் வருகிற லாபத்தைப் பார்த்தால் வியாபாரி வீட்டுப் பிள்ளைக்கு வயிறு எரியும். இது பொறாமை இல்லை. நியாய உணர்ச்சி.

இதில் இன்னொரு தொல்லை, அவள் நல்லவள். நான் தடுமாறினால் பக்கத்தில் வந்து முணுமுணுப்பாள்: “அண்ணா, மூணாவது லேசா புகை அடிக்குது, பாருங்க.” அதையே நான் சத்தமாகச் சொல்வேன். நாக்கு சார் “பரவாயில்லையே” என்பார். அவள் வேறு பக்கம் பார்த்துக்கொள்வாள். எங்கள் வீட்டில் சும்மா வந்ததை வாங்க மாட்டோம் சார். விலையே சொல்லாத சரக்கை எப்படிப் பேரம் பேசுவது?

எங்கள் அறையின் வழக்கம் ஒன்றை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஒருவர் ஊற்றுவார், மற்றவர் ருசி பார்ப்பார். ஊற்றியவர் கோப்பை ஆறும்வரை காத்திருந்து ‘ஆச்சு’ என்பார். அந்தச் சொல்லுக்குப் பிறகு ஊதக்கூடாது, உதட்டால் தொட்டுப் பார்க்கக்கூடாது. ஊதினால் மணம் போய்விடும் என்பது ஒரு காரணம். ஊற்றியவனை நம்பவில்லை என்று அர்த்தமாகும் என்பது அதைவிடப் பெரிய காரணம். காற்றோடு சேர்த்துத் தொண்டை வரைக்கும் இழுத்தாக வேண்டும். அவளைப் போல இழுக்க அங்கே ஆள் கிடையாது.

வெளியூரிலிருந்து பெரிய கொள்முதல்காரர் வந்த அன்று ஊற்றும் முறை என்னுடையது. வரிசையாகக் கோப்பைகள். தடித்த பீங்கான், கைப்பிடிக்குச் சூடு ஏறாது. அறை முழுக்க ஏற்கெனவே ஆவி. நடுவில் ஒரு கோப்பையை மட்டும் ஊற்றாமல் வைத்திருந்து, அவள் முந்தினதைத் துப்பத் திரும்பியபோது கொதிக்கக் கொதிக்க ஊற்றினேன். கெட்டிலை ஏன் மறுபடி கொதிக்கவிட்டாய் என்று நேற்று நீங்கள் கேட்டபோதே உங்கள் மேல் எனக்கு மரியாதை வந்துவிட்டது.

அவள் அந்தக் கோப்பையை எடுத்தாள். கண்ணை மூடிக்கொண்டு, “அண்ணா?” என்றாள்.

“ஆச்சு” என்றேன்.

சத்தம் பெரிதாக ஒன்றும் வரவில்லை. கோப்பை உடைந்ததுதான் சத்தம். கொள்முதல்காரர் நாற்காலியோடு பின்னால் போனார், நாக்கு சார் உடைந்த பீங்கானைப் பொறுக்கக் குனிந்தார். நான்தான் அவளைத் தாங்கிப் படுக்கவைத்தேன், வண்டிக்குச் சொன்னேன், கூட்டத்தை விலக்கினேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தாள். விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட வேண்டியிருந்தது. வண்டி போனதும் கை கழுவிவிட்டு, மிச்சத்தையும் நான் ருசி பார்த்துச் சொல்கிறேன் என்றேன். வந்தவரை வெறுங்கையோடு அனுப்ப முடியுமா? சரியாகவே சொன்னேன். அவர் நாக்கு சாரிடம், “இந்தப் பையன் யாருங்க? பதறவே இல்லையே” என்றார். சேர்ந்த நாளிலிருந்து நான் கேட்க ஆசைப்பட்ட வார்த்தை.

நாக்கு மட்டும் போகும் என்றுதான் நினைத்தேன். தொண்டை வீங்கி மூச்சை அடைக்கும் என்று நினைக்கவில்லை. ஆஸ்பத்திரி வாசலிலேயே போய்விட்டாளாம். நினைத்திருந்தால் செய்திருக்க மாட்டாயா என்கிறீர்கள். அந்தக் கேள்விக்கு இன்னும் பதில் தயார் செய்யவில்லை.

ஒரே ஒரு வேலைக்கு இரண்டு பேர், அதுதான் காரணம் என்று முதலில் எழுதிக் கொடுத்தேன். நாக்கு சாரை விசாரித்துவிட்டீர்கள் என்று இப்போதுதான் தெரிகிறது. சரி, மறைப்பதில் லாபமில்லை. அன்று காலையிலேயே இருவரையும் கூப்பிட்டு இருவருக்கும் வேலை நிரந்தரம் என்றார். “நன்றிய இந்தப் பொண்ணுகிட்ட சொல்லு. அண்ணா இல்லாம எனக்கும் வேண்டாம்னு ஒத்தக் கால்ல நின்னா” என்று சிரித்தார். அவளும் சிரித்தாள். நான் இருவருக்கும் நன்றி சொன்னேன். அதற்குப் பிறகுதான் போய்க் கெட்டிலை மறுபடி போட்டேன்.

ஆகவே தொழில் போட்டி என்றே எழுதிக்கொள்ளுங்கள், சார். பொறாமை என்று மட்டும் போட்டுவிடாதீர்கள். நாளைக்கு இன்னொரு கம்பெனியில் என்னைப் பற்றி விசாரிப்பார்கள். எடுத்த எடுப்பிலேயே அவர்கள் தப்பாக நினைத்துவிடக் கூடாது.