தெரிவாகாதவர்களுக்குத் தொலைபேசி எடுத்த ரஞ்சினி அக்கா

மேடையில் வீற்றிருக்கும் எல்பேக்கரைத் தமிழர் மன்றத் தலைவர் சுவாமிநாதன் ஐயா அவர்களே! ஒரு சொல்லும் விளங்காவிட்டாலும் இவ்வளவு நேரமும் நிமிர்ந்து இருந்து கேட்டுக்கொண்டிருக்கும் எங்கள் பேஸ்போல் கழகத் தலைவர் திரு. ஹென்னிங் அவர்களே! முன்வரிசையில் மகன் மதீசனின் கையைப் பிடித்தபடி இருக்கும், ரஞ்சினி அக்காவின் துணைவர் தம்பித்துரை அண்ணை அவர்களே! வேலை முடிந்து எஸ்-பான் ரயிலால் இறங்கி நேரே இங்கு வந்திருக்கும் உறவுகளே! கழகச் சட்டையோடு பின்னால் நிற்கும் வீரர்களே! உங்கள் துயரத்தில் ஒருவனாக நின்று வணக்கம் சொல்கிறேன்.

நான் யூட். எல்பே நாரைகள் பேஸ்போல் கழகத்தின் பொருளாளர். என்னால் ஒரு இடத்தில் நிற்க ஏலாமல் இருக்கிறது, ஒலிவாங்கியைப் பார்க்கிற தம்பி மன்னிக்க வேண்டும். அக்காவை இழந்த கவலை ஒரு பக்கம். நாளை மதியத்தோடு வீரர் பதிவு முடிகிறது என்பது இன்னொரு பக்கம். கழகத்தில் ஒரே ஒரு இடம் காலி. இரண்டு பேர் பதிலுக்குக் காத்திருக்கிறார்கள். அந்தப் பதிலைச் சொல்ல வேண்டியவரின் படத்துக்குத்தான் இப்போது மாலை போட்டிருக்கிறோம். எப்படி ஐயா நான் ஆறுதலாக நின்று பேசுவது?

எங்கள் தெரிவுக்குழுத் தலைவி ரஞ்சினி தம்பித்துரை! ஆஸ்பத்திரியில் கதிர்ப்படப் பிரிவு, வீட்டில் குடும்பம், சனி ஞாயிறு பேஸ்போல் மைதானம். 'யாழ்ப்பாணத்துப் பொம்பிளைக்கு பேஸ்போலில் என்ன வேலை?' என்று இந்த மண்டபத்திலேயே சிலர் கேட்டிருக்கிறீர்கள். ஆர் ஆர் என்று நான் சொல்லமாட்டேன், உங்களுக்கே தெரியும். மதீசன் சின்ன வயதில் விளையாட வந்தான். தாய் மைதான ஓரத்து வாங்கில் இருந்து பார்த்தார். இரண்டு வருடத்தில் மதீசனுக்கு அலுத்துவிட்டது, கைப்பந்துக்குப் போய்விட்டான். அடுத்த சனிக்கிழமை பார்த்தால் அக்கா தேத்தண்ணிப் போத்தலோடு அதே வாங்கில் இருக்கிறார். "மகன் வரேல்லையோ?" என்று கேட்டேன். "மகன் விட்டா நான் ஏன் விடவேணும்? இந்த ஆட்டத்தில எனக்கு இன்னும் ஒரு சந்தேகம் தீரேல்ல" என்றார்.

அந்தச் சந்தேகம் என்ன தெரியுமா? பேஸ்போல் தெரியாதவர்களுக்காக ஒரு நிமிடம். பந்து எறிகிறவர் ஆட்டம் முழுவதும் எறிய மாட்டார். கை களைத்துவிடும். நடுவில் ஒருவர் வந்து அவரிடமிருந்து பொறுப்பை வாங்குவார். மாற்று எறிவீரர். அவர் வரும்போது பெரும்பாலும் நிலைமை மோசமாகத்தான் இருக்கும். முதல் ஆள் விட்ட பிழையால் எதிரணிக்காரர் தளங்களில் ஏறி நிற்பார்கள். இவர் வந்த பிறகு அவர்கள் ஓடி 'வீடு' என்கிற கடைசித் தளம் சேர்ந்து ஓட்டம் எடுத்தால், அந்தக் குற்றம் யாருடைய பெயரில் எழுதப்படும்? போனவரின் பெயரில்! வந்தவரின் புள்ளிவிவரம் கழுவித் துடைத்த கோப்பை மாதிரி இருக்கும். அதைப் பார்த்துத்தான் கழகங்கள் ஆள் எடுக்கும். "அப்ப இவர் உண்மையில நல்லவரோ, மற்றவரின்ரை தலையில போட்டிட்டுப் போறவரோ எண்டு எப்பிடித் தெரியும்?" இதுதான் அக்காவின் சந்தேகம். இதைப் பயிற்சியாளரிடமே கேட்டார். அடுத்த வருடம் தெரிவுக்குழுவில் அக்கா, அதற்கு அடுத்த வருடம் தலைவி.

நாங்கள் இரண்டாம் பிரிவுக் கழகம். காசில்லாத கழகம். பொருளாளர் நானே சொல்கிறேன், பந்து வாங்கினால் வலை வாங்க முடியாது, வலை வாங்கினால் பந்து வாங்க முடியாது. ஒப்பந்தம் முடிந்து கழகமில்லாமல் நிற்கும் மாற்று எறிவீரர்களில் ஒருவரை ஒவ்வொரு வருடமும் பிடிக்க வேண்டும். "மலிவாய் ஒராளைப் பாருங்கோ அக்கா" என்பேன். கோபம் வந்துவிடும். "மலிவான ஆளைத் தேடினா மலிவான ஆள்தான் வருவான், யூட். மற்றவை பிழையாய் விலை போட்ட ஆளைத் தேடுவம்!"

எப்படித் தேடினார்? எறிவீரரிடம் அல்ல, அவருக்கு முன்னால் எறிந்தவரிடம் போனார்! பழைய கழகத்தில் எந்த ஆளின் பிழையைத் தூக்க இவர் வந்தாரோ, அந்த ஆளின் தொலைபேசி இலக்கத்தைப் பிடித்துப் பேசுவார். அவருடைய ஜெர்மன் உங்களுக்குத் தெரியும், ஆஸ்பத்திரியில் நோயாளியைப் படுக்கச் சொல்கிற ஜெர்மன். அதிலேயே கேட்பார்: "நீங்கள் களைச்சுப் போய் வெளியில வந்து இருந்தனீங்கள். இவர் உள்ளுக்குப் போனார். அப்ப உங்களுக்கு மூச்சு வந்ததோ, நிண்டதோ?" பொய் சொல்ல முடியாத கேள்வி! மூச்சு வந்தது என்று சொல்லப்பட்ட ஆட்களைத்தான் எடுத்தார். அவர்களில் பாதிப்பேரின் புள்ளிவிவரத்தை மற்றக் கழகங்கள் ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

பான் நகரத்துக்குப் போன கதையைச் சொல்ல வேண்டும். அங்கே ஒரு செக் நாட்டு எறிவீரரைப் பார்க்கத் தன் சொந்த லீவில் ரயிலேறிப் போனார். அன்றைக்கு அந்த மனிதரைக் களத்தில் இறக்கவே இல்லை. நனைந்துகொண்டு வந்தார். "வீண் பயணம்தானே அக்கா?" என்றேன். "ஏன் வீண்? ஆட்டம் இறுகின நேரம் ஒருத்தரும் கூப்பிடேல்ல. அவர் தானாய் எழும்பி கையைச் சூடாக்கினவர். நிலைமை சரியானதும் சத்தமில்லாமல் இருந்திட்டார். எடுங்கோ" என்றார். எடுத்தோம். அந்த வருடம் மூன்றாம் பிரிவுக்குத் தரமிறங்காமல் எங்களைக் காப்பாற்றியது அவர்தான். கடைசி ஆட்டத்தில் மூன்று தளமும் நிரம்பியிருக்க அவர் வந்து ஒருவரையும் வீடு சேர விடாமல் முடித்தார். மைதானமே கத்தியது. அக்காவைத் தேடினேன், காணவில்லை.

வாகனத் தரிப்பிடத்தில் நின்று தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தார். யாரோடு? அந்த வருடம் நாங்கள் எடுக்காமல் விட்ட ஒருவரோடு! வேறு ஒரு கழகத்தில் ஆள் தேடுகிறார்கள், போய்ப் பாரும் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

இதுதான் எங்கள் தலைவியின் வழக்கம், இதை நீங்கள் வடிவாகக் கேட்க வேண்டும். தெரிவானவருக்கு மின்னஞ்சல் போகும். அதை நான் அனுப்புவேன். தெரிவாகாதவருக்கு அக்கா தொலைபேசி எடுப்பார், தன் குரலில். ஏன் தெரிவு செய்யவில்லை என்று காரணம் சொல்வார், என்ன திருத்தலாம் என்று சொல்வார், மற்றப் பக்கம் கோபிக்கும்வரை கேட்பார், கோபித்து முடியும்வரையும் கேட்பார். "சந்தோசமான செய்தியை ஆரும் எழுதலாம், யூட். மற்றதுக்கு ஒரு மனிசர் வேணும்." எத்தனை கழகங்களில் இப்படி ஒருவர் இருக்கிறார்? ஒரு வரிப் பதிலும் வராமல் மாதக்கணக்கில் காத்திருந்த அனுபவம் இங்கே யாருக்கு இல்லை? வேலைக்கு விண்ணப்பம் போட்டுவிட்டுத் தபால்பெட்டியைத் திறந்து திறந்து பார்த்தவர்கள்தானே நாங்கள் எல்லோரும்!

ஒரு நிமிடம். மன்றத் தலைவர் ஐயா ஒரு துண்டுக் கடிதம் தருகிறார். நேரம் முடிந்துவிட்டதோ?

இல்லை. வாசிக்கிறேன். 'நாளைய பதிவில் அந்த இடம் ரஞ்சினியின் மருமகன் ஜெனிஸ்டனுக்கே என்று இப்போதே அறிவிக்கவும். அதுவே அவருக்கு நாம் செலுத்தும் அஞ்சலி.'

தயவுசெய்து கை தட்டாதேங்கோ! நிறுத்துங்கோ.

ஐயா, உங்கள் நல்ல மனது எனக்கு விளங்குகிறது. வாசலில் செருப்புக் கழற்றியதிலிருந்து எட்டுப் பேர் இதையே என் காதில் சொல்லிவிட்டார்கள். நம்முடைய பிள்ளை. அக்காவின் அண்ணன் மகன். இங்கேயே பிறந்து வளர்ந்து, கழகமில்லாமல் நிற்கிறவர். பந்து வேகமாக வரும், புள்ளிவிவரமும் சுத்தம். மற்றவர் முப்பத்தேழு வயது டச்சுக்காரர், அவருக்கு இந்த மண்டபத்தில் ஒரு மாமாவும் இல்லை, மச்சானும் இல்லை. அப்படியிருக்க யூட்டுக்கு என்ன யோசனை என்று கேட்கிறீர்கள்.

திங்கட்கிழமை பின்னேரம் அக்கா எனக்குத் தொலைபேசி எடுத்தார். மறுநாள் காலை அந்த நெஞ்சு நின்றுவிடும் என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. பருப்பு கொதிக்கிற சத்தம் கேட்டது. "தெரிவு முடிஞ்சுது யூட். ஜெனிஸ்டனுக்கு நீங்கள் ஒண்டும் அனுப்பவேண்டாம். நாளைக்கு வேலையால வந்து நானே ரெலிபோன் எடுக்கிறன்" என்றார். காரணத்தையும் எனக்குச் சொன்னார்.

யாருக்கு அக்கா தானே எடுப்பார் என்பதை இப்போதுதான் உங்களுக்குச் சொன்னேன்.

  எனக்கு அழுகை வருகிறது, கோபமும் வருகிறது. இதை நான் இங்கே சொல்ல வந்திருக்கவில்லை. துண்டு வந்ததால் சொல்கிறேன். அக்காவின் பெயரால் அக்காவின் தீர்ப்பையே மாற்றினால் அது என்ன அஞ்சலி? சொந்தப் பிள்ளை என்று தெரிந்தும், இரவிரவாகப் படுத்துப் புரண்டும்தான் அவர் அந்த முடிவை எடுத்தார். தம்பித்துரை அண்ணை தலையை ஆட்டுகிறார், அவருக்குத் தெரியும். வாழ்ந்த காலத்தில் அவர் வேலையை மதித்தோம் என்றால், அவர் எங்களுக்குப் பிடிக்காத முடிவை எடுத்த நாளிலும் மதிக்க வேண்டாமா?

கழகத்தின் சார்பில் உறுதி சொல்கிறேன். காசில்லாவிட்டாலும் கண்ணை மூடிக்கொண்டு ஆள் எடுக்க மாட்டோம். போனவரிடம் கேட்டு வந்தவரை அளப்போம். டச்சுக்காரருக்கு இன்றிரவே மின்னஞ்சல் போகும், திரு. ஹென்னிங் அவர்களுக்கு அதை நான் ஜெர்மனில் விளக்குகிறேன். தெரிவாகாத ஒருவரும் இனி எங்கள் கழகத்தில் பதிலில்லாமல் காத்திருக்க மாட்டார். இது வாய்ப்பேச்சாக இருக்கக் கூடாது, ஆகவே என் உரையை நான் இங்கேயே நிறுத்துகிறேன். மன்னிக்க வேண்டும், முடிக்காமல்தான் நிறுத்துகிறேன்.

தம்பி ஜெனிஸ்டன், அந்தக் கதவடியில் நிற்கிறீர், எனக்குத் தெரியுது. காரணம் ஒன்றும் நான் சபையில் சொல்லேல்ல, சொல்லவும் மாட்டன். அது உமக்கும் உம்மட மாமிக்கும் உரியது. அவ எனக்குச் சொன்னதை ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல் சொல்லுறன். நீர் கோபிச்சாலும் நிண்டு கேப்பன். வெளியில வாரும். ஜக்கெட்டைப் போட்டுக்கொண்டு வாரும் ராசா, கொஞ்சம் நேரம் எடுக்கும்.