இத்தா முடியும் முன்

— நீங்க வாயை மூடுங்க சாரா பீவி. பர்மாப் பொண்ணு உங்க மருமகதானே? இந்த அகதி ஆபீசுல அவங்கதான் பதில் சொல்லணும்.

— அவ என்னத்தச் சொல்லுவா அழகிரி சார்? எம்மவன் நஜிமுதீன் ரங்கூன்லேருந்து அகதியா வந்தப்ப இவளையும் இழுத்துட்டு வந்தான். அவன் மவுத்தாயி அடக்கமும் பண்ணியாச்சு. இனிமே இவளுக்கு இங்க என்ன வேலை? கப்பல்ல ஏத்தி அனுப்பிடுங்க.

— முக்காட்டுக்குள்ள அழுதுக்கிட்டே இருந்தா எப்படிம்மா? பேர் என்ன?

— சுராயா, சார். நான் இத்தாவுல இருக்கேன். வெளிய வர மாட்டேன்னுதான் சொன்னேன். மாமி கையப் புடிச்சு சத்திரம் பஸ் ஸ்டாண்டுல பஸ் ஏத்திட்டாங்க.

— இத்தான்னா?

— புருஷன் மவுத்தானா பொண்டாட்டி நாலு மாசத்துக்கு மேல வீட்டுக்குள்ளயே இருக்கணும் சார். வயித்துல எதும் தங்கியிருக்கான்னு பாக்கத்தான் அது. கல்யாணம் பண்ணி இத்தனை வருஷமா இவளுக்குத் தங்காதது இப்பவா தங்கப் போவுது?

— அது முடியற வரைக்குமாவது பொறுக்கக் கூடாதா நீங்க?

— எதுக்குப் பொறுக்கணும்? எனக்கு இருந்தது ஒத்தப் புள்ளை சார். பர்மாக்காரங்க மாதிரி அழுகல் மீனை அரைச்சு ஆக்கிப் போட்டே அவனைச் சாவடிச்சுட்டா. எங் குடும்பமே இவளோட அத்துப் போச்சு!

— கத்தாதீங்க, வரிசை வாசல் வரைக்கும் நிக்குது. சுராயாம்மா, நல்லா கேட்டுக்குங்க. உங்க மாதிரி வந்த சம்சாரங்களுக்கு சர்க்கார் ரெண்டு வழி வெச்சிருக்கு. இங்க இருந்தா தையல் கிளாஸ், ரேஷன். போறதா இருந்தா ரங்கூன் கப்பலுக்கு டிக்கெட். ஒண்ணை எழுதிட்டா அப்புறம் மாத்த முடியாது.

— இருக்கேன் சார். அவங்களைப் பொதைச்ச கபுரு இங்கதானே இருக்கு.

— எம்மவன் கபுரைப் பத்தி நீ பேசாதே! அந்தப் பக்கம் வந்து பாரு, காலை ஒடிக்கிறேன்.

— மாமி, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். வீட்டுக்குப் போயிச் சொல்றேன்.

— எந்த வீட்டுக்கு? என் வீட்டு வாசப்படி இனி உனக்கில்லை. அவனோட சேத்து உன்னையும் பொதைச்சாச்சு.

— வீட்டுச் சண்டையை வெளியில வெச்சுக்குங்க. சுராயாம்மா, கடைசியாக் கேக்கறேன். என்ன எழுதட்டும்?

— கப்பல்னே எழுதுங்க சார்.

— அல்ஹம்துலில்லாஹ்! இப்பவாவது புத்தி வந்துச்சே.

— ஒரு டிக்கெட்தானே?

— ஒண்ணு போதும் சார். வயித்துல இருக்கறதுக்கு டிக்கெட் கேக்க மாட்டாங்கல்ல?