நூறாவது ஏற்றம்

தனலெட்சுமி: இது நாலாவது தடவ, ராஜு.

தங்கராஜு: எது?

தனலெட்சுமி: ஷூ கயிறு கட்டக் குனியறது. அடிவாரத்துல மூன் கேட் வாசல்கிட்ட ஒன்னு. எண்பத்து நாலாம் நம்பர் கொட்டகையில டீ குடிக்கிறப்ப ஒன்னு. அந்த வளைவுல ஒன்னு...

தங்கராஜு: புதுக் கயிறு லா. நிக்க மாட்டேங்குது.

தனலெட்சுமி: கயிறு நல்லாத்தான் இருக்கு. மத்தவங்க எல்லாம் இந்நேரம் மேல பாருக்குப் போயி உக்காந்திருப்பாங்க.

தங்கராஜு: உக்காரட்டும். பாருக்குப் போன் போட்டு சொல்லிட்டேன். தனத்துக்கு ஒரு கறுப்பு பீரு, ஐஸ் போடாமன்னு. யாரும் தொட மாட்டாங்க.

தனலெட்சுமி: அப்பறம் என்ன, எந்திரிங்க.

தங்கராஜு: முட்டி எப்படி இருக்கு?

தனலெட்சுமி: என் முட்டிக்கு என்ன?

தங்கராஜு: வலிக்குதுன்னியே.

தனலெட்சுமி: அது போன வாரம்.

தங்கராஜு: பின்னால ஜீப்பு சத்தம் கேக்குது. கை காட்டினா நிப்பாட்டுவான். நீ ஏறிப் போயிடேன்.

தனலெட்சுமி: ஜீப்புல ஏறினா கணக்குல சேராது. நீங்க போட்ட சட்டம்.

தங்கராஜு: ஆமா... சேராதுதான்.

தனலெட்சுமி: சேராட்டி இன்னைக்கு எனக்கு நூறு ஆவாது.

தங்கராஜு: ஆவாது. அதனால என்ன? அடுத்த ஞாயித்துக்கெழம வந்தா ஆவுது.

தனலெட்சுமி: அடுத்த ஞாயித்துக்கெழம நான் எங்க இருப்பேன்? ஓரமா வாங்க, ஜீப்பு வந்திருச்சு. ராஜு! கையக் கீழ போடுங்க!

தங்கராஜு: கொசு ஓட்டினேன்.

தனலெட்சுமி: இருபத்தேழு வருசம் ஒரே ஃபாக்டரியில, ஒரே லைன்ல வேல செஞ்சோம். இன்னும் உங்களுக்குப் பொய் சொல்ல வரல.

தங்கராஜு: பொட்டி எல்லாம் கட்டியாச்சா?

தனலெட்சுமி: என்ன பெரிய பொட்டி. நாலு சேல, ரெண்டு சுடிதாரு. பத்து நிமிசம் போதும்.

தங்கராஜு: உன் மகன் வந்துட்டானா?

தனலெட்சுமி: கோகிலனா? காலையிலயே ஷா ஆலத்துல இருந்து காடி ஓட்டிக்கிட்டு வந்துட்டான். மலை ட்ரெயின்ல ஏறி மேல காத்துக்கிட்டு இருக்கான்.

தங்கராஜு: நூறு தடவ மலை ஏறிட்டு உன்கிட்டயே வந்துடறேன்னு அவன்கிட்ட எதுக்குத்தான் சொன்னியோ.

தனலெட்சுமி: பின்ன? அவங்கப்பா போனதுலேருந்து அரிச்சுக்கிட்டே இருந்தான். பாயான் பாரு ஃப்ளாட்டுல தனியா இருக்காதீங்கம்மா, வந்துடுங்கம்மான்னு. ஏதாச்சும் சொல்லி வாய அடைக்கணுமில்ல? அப்ப நான் ஏறினது மொத்தமே பன்னெண்டு தடவ. நூறு எங்க ஆவப்போவுதுன்னு நெனச்சேன்.

தங்கராஜு: ஐந்நூறுன்னு சொல்லியிருக்கலாம்.

தனலெட்சுமி: சாவுற வரைக்கும் ஏறிக்கிட்டே இருக்கணுமா?

தங்கராஜு: என்கூடத்தானே ஏறுற.

தனலெட்சுமி: என்ன சொன்னீங்க?

தங்கராஜு: ஒன்னுமில்ல. மூச்சு வாங்குது.

ஷர்மினி: அக்கா! அண்ணே! என்ன, ரோட்டுலயே வீடு கட்டிக் குடி வந்துட்டீங்களா?

தனலெட்சுமி: அடடா, ஷர்மினி... நீ எதுக்கும்மா இவ்ளோ தூரம் எறங்கி வந்த?

ஷர்மினி: குரூப்புக்குத் தலைவின்னு என்னைப் போட்டுட்டீங்க. ரெண்டு பேரக் காணோம்னா நான்தானே தேடணும்? அங்க எல்லாரும் பீர ஊத்தி வச்சிக்கிட்டு வேடிக்க பாத்துக்கிட்டு இருக்காங்க. ஹபீப் முகம்மது பாய் மட்டும் லைச்சி பழத் தண்ணி ரெண்டு கிளாஸ் முடிச்சிட்டாரு.

தங்கராஜு: குடிக்க வேண்டியதுதானே? யாரு வேணாங்கறா?

ஷர்மினி: நீங்கதான்! ஏறின கணக்கு புக்குல கையெழுத்துப் போடாம யாரும் மொத மடக்கு குடிக்கக் கூடாதுன்னு நீங்க சொன்னதுதானே? செக்ரட்டரி புக்க சட்டைப்பையில வச்சிக்கிட்டு நடுக்காட்டுல நின்னா, நுரை எல்லாம் அடங்கிடுச்சு.

தங்கராஜு: வர்றேன் லா. கெழவன ஓட்டாத.

ஷர்மினி: அக்கா, ரொம்ப நாளா கேக்கணும்னு... நம்ம குரூப்புல எழுபது வயசு சின்னையாவ அண்ணேங்கறீங்க. நாப்பது வயசு மோகனராஜையும் அண்ணேங்கறீங்க. ஜீப்பு டிரைவரு, அவரும் அண்ணே. இவர மட்டும் ஏன் பேரு சொல்லிக் கூப்பிடறீங்க?

தனலெட்சுமி: ஃபாக்டரியில இருந்தே பழக்கம்.

தங்கராஜு: ஃபாக்டரியில அண்ணேன்னுதான் கூப்பிட்ட.

தனலெட்சுமி: மூச்சு வாங்குதுன்னீங்களே, பேசாம நடங்க.

ஷர்மினி: ஓகோ.

தனலெட்சுமி: என்ன ஓகோ?

ஷர்மினி: ஒன்னுமில்லக்கா. சும்மா. ஆங், உங்க மகன் வந்தவுடனே கேட்ட மொத கேள்வி என்ன தெரியுமா? இதுல தங்கராஜு யாருன்னு.

தங்கராஜு: என்னையா? என்னை எதுக்குக் கேக்குறான்?

ஷர்மினி: தெரியல, அண்ணே. பின்னால வர்றாருன்னு சொன்னேன். சிரிக்கக்கூட இல்ல. புக்க பாக்கணுமோ என்னவோ.

தங்கராஜு: தனம்... உன் மகன் என்ன வேல பாக்குறான்?

தனலெட்சுமி: ஆடிட்டர்.

தங்கராஜு: ஐயோ.

ஷர்மினி: என்ன ஐயோ?

தங்கராஜு: கால்ல... கல்லு குத்திருச்சு.

ஷர்மினி: நான் முன்னால போறேன். பத்து நிமிசம். வரலன்னா நூறுக்கு வாங்கின கேக்கையும் பீரையும் தூக்கிக்கிட்டு எல்லாரும் கீழ எறங்கிடுவோம், சொல்லிட்டேன்.

தனலெட்சுமி: போ போ, வந்துடறோம்... ராஜு, எதுக்கு உக்காந்துட்டீங்க?

தங்கராஜு: கொஞ்சம் இரு.

தனலெட்சுமி: வேர்த்துக் கொட்டுது உங்களுக்கு. நெஞ்சு வலிக்குதா? உண்மையச் சொல்லுங்க.

தங்கராஜு: நெஞ்செல்லாம் நல்லாத்தான் இருக்கு. புக்குலதான் ஒரு... ஒரு சின்ன தப்பு.

தனலெட்சுமி: என்ன தப்பு?

தங்கராஜு: இன்னைக்கு உனக்கு நூறு இல்ல. திட்டாத. முழுசா சொல்லிடறேன். போன வருசம் தீபாவளி சமயத்துல புக்குல பாத்தேன், உன் கணக்கு எழுபத்தெட்டு ஆயிடுச்சு. எனக்குப் பக்குனு ஆயிடுச்சு. அதுக்கப்பறம் நீ கையெழுத்துப் போட்டுக் குடுப்பியா... சில வாரம் வீட்டுக்குப் போயி...

தனலெட்சுமி: வீட்டுக்குப் போயி?

தங்கராஜு: ரப்பர் வச்சி அழிச்சிட்டேன்.

தனலெட்சுமி: அடப்பாவி மனுசா! அதான் பேனாவ நிறுத்திட்டு எல்லாருக்கும் பென்சில் குடுத்தீங்களா? மழையில மை ஓடுதுன்னு சொன்னீங்க!

தங்கராஜு: மையும் ஓடுச்சு...

தனலெட்சுமி: எத்தனை?

தங்கராஜு: பதினாலு.

தனலெட்சுமி: பதினாலு தடவ நான் நாக்குத் தள்ள ஏறினத, உக்காந்த எடத்துல அழிச்சிருக்கீங்க.

தங்கராஜு: ஆமா. தப்புதான். சிரிக்கிறியா அழுவுறியா? திரும்பு. ஏய், சிரிக்கிற!

தனலெட்சுமி: கையெழுத்துப் போடுற நேரத்துல நான் அடிக்கடி டாய்லெட்டுக்குப் போவேன், கவனிச்சிருக்கீங்களா?

தங்கராஜு: கவனிச்சேன். சுகர் ஏறிடுச்சோன்னு பயந்தேன். கேக்கவும் கூச்சமா இருந்துச்சு.

தனலெட்சுமி: சுகரும் இல்ல, ஒன்னும் இல்ல. புக்கு என் பக்கம் வர்றப்ப எந்திரிச்சிப் போயிடுவேன். திரும்பி வர்றப்ப எல்லாரும் பேச்சுல இருப்பாங்க. அப்படி ஒம்பது வாரம்.

தங்கராஜு: ஒம்பதா?

தனலெட்சுமி: ஒம்பது. புக்குல நூறு, நான் போடாதது ஒம்பது, ஆக இன்னைக்கு நூத்தி ஒம்பதுன்னு நெனச்சிக்கிட்டு வந்தேன். இப்ப உங்க பதினாலையும் சேத்தா...

தங்கராஜு: நூத்தி இருபத்து மூணு.

தனலெட்சுமி: நூத்தி இருபத்து மூணு! நம்ம ரெண்டு பேரையும் நம்பி ஃபாக்டரியில சரக்கு எண்ண விட்டாங்க பாருங்க.

தங்கராஜு: நீ எதுக்கு எந்திரிச்சிப் போன?

தனலெட்சுமி: நீங்க எதுக்கு அழிச்சீங்க?

தங்கராஜு: நான்தான் மொதல்ல கேட்டேன்.

தனலெட்சுமி: நீங்கதான் ஆம்பள. மொதல்ல சொல்லுங்க. மறுபடி கயிறக் கட்டக் குனிஞ்சீங்கன்னா விட்டுட்டுப் போயிடுவேன்.

தங்கராஜு: சரி லா, சரி. திங்கக்கெழமயில இருந்து சனிக்கெழம வரைக்கும் எனக்கு எதுவும் இல்ல, தனம். காலையில கோப்பி, பத்திரிகை, டிவி. என் வீட்டுக்காரி கமலா போயி ஆறு வருசம் ஆச்சு. வீட்டுல பேச ஆளு கெடையாது. ஞாயித்துக்கெழம மட்டும் நாலரைக்கே முழிப்பு வந்துடும். உன் தண்ணிப் போத்தலையும் நான்தான் தூக்கணும்னு தோணும். நீ கொற சொல்லிக்கிட்டே பின்னால வருவ... அது போதும் எனக்கு. நூறு ஆனா நீ போயிடுவ. நீ போறது எனக்குப் புடிக்கல. அவ்ளோதான்.

தனலெட்சுமி: அவ்ளோதானா?

தங்கராஜு: இல்ல. இன்னும் ஒன்னு இருக்கு. போகாத.

தனலெட்சுமி: குரங்கு சத்தத்துல சரியா கேக்கல.

தங்கராஜு: போகாத, தனம். இங்கயே இரு. என்கூட இரு.

தனலெட்சுமி: அப்பாடா. இதச் சொல்ல ஒரு மனுசனுக்கு நூத்தி இருபத்து மூணு தடவ மலை ஏறணும்.

தங்கராஜு: வெளையாடாத. உன் மகன்கிட்ட நானே பேசறேன். புக்க காட்டி, அழிச்சது நான்தான்னு ஒத்துக்கறேன். அம்மாவ விட்டுட்டுப் போப்பான்னு... அவன் ஒத்துக்குவானா? பொட்டிய ஏத்தறதுக்குன்னே அவ்ளோ தூரம் காடி ஓட்டிக்கிட்டு வந்திருக்கான்.

தனலெட்சுமி: மொதல்ல அந்த மூஞ்சியத் தொடைங்க, மேல் பட்டனப் போடுங்க. பொட்டி ஏத்த யாரும் வரல. ஷா ஆலத்துக்கு நான் வரலன்னு போன மாசமே அவன்கிட்ட சொல்லிட்டேன். ஏன்மான்னு கேட்டான், உங்க பேரச் சொன்னேன்... என் மகன் மாப்பிள்ள பாக்க வந்திருக்கான், ராஜு.