காற்றில் நிற்கும் வண்டி

பழைய சொகுசு வண்டி வாங்குகிறவர்கள் எல்லோரும் செய்யும் தப்பு ஒன்றுதான், சார். விலை பாதியாகக் குறைந்தால் செலவும் பாதியாகிவிடும் என்று நினைத்துக்கொள்வார்கள். வண்டிக்குத்தான் வயதாகி விலை இறங்கும். அதன் உதிரிபாகங்களுக்கு எந்தக் காலத்திலும் வயதாவதில்லை. எனக்கு இதை யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் காதில் ஏறியிருக்காது.

உட்காரச் சொல்லித் தண்ணீரும் கொடுத்துவிட்டீர்கள், அதனால் நிதானமாகவே சொல்கிறேன். அண்ணன் இறந்ததை நீங்கள் விபத்து என்று எழுதி முடித்தாயிற்று. இன்று யாரும் கூப்பிடாமல் நானாகத்தான் வந்திருக்கிறேன். நீங்கள் எழுதியதில் ஒரு தப்பு இருக்கிறது. அது புரிய வேண்டுமென்றால் அந்த வண்டியைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும்.

எங்களுடையது டைல்ஸ் கடை. கல்லாவில் அண்ணன், குடோனில் நான். சரக்கு ஏற்ற ஒரு சின்ன வண்டி பார்க்கத்தான் இருவரும் கிளம்பிப் போனோம். பழைய வண்டிகள் விற்கும் மைதானத்தின் மூலையில் அது நின்றது. கறுப்பு நிறம், தோல் இருக்கை, கூரையில் கண்ணாடி. உள்ளே ஏறி உட்கார்ந்தால் வெளி உலகம் ஊமையாகிவிடும். நான் ஏறினவன் இறங்கவில்லை.

அண்ணன் வந்து கண்ணாடியைத் தட்டினார். "டேய், இறங்குடா. நாம வந்தது சரக்கு ஏத்தற வண்டிக்கு."

"இதுலயும் ஏத்தலாம்ணே."

"எத, உன்னையா?"

சிரித்துக்கொண்டே தன் பேரில் கையெழுத்துப் போட்டு வாங்கிக் கொடுத்தார். நான் ஆசைப்பட்ட எதற்கும் அண்ணன் மாட்டேன் என்று சொன்னதே இல்லை.

முதல் மழையிலேயே கால் வைக்கும் இடத்தில் குளம் கட்டிவிட்டது. கூரைக் கண்ணாடியைச் சுற்றி விழும் தண்ணீர் வடிய மெல்லிய குழாய்கள் உண்டு. அவற்றில் சருகு அடைத்துக்கொண்டால் தண்ணீர் உள்ளே இறங்கி, இருக்கைக்கு அடியில் உள்ள மின்பெட்டியை நனைக்கும். அப்புறம் ஹாரன் அடித்தால் வைப்பர் ஓடும். அண்ணி ஏறினால் மட்டும் இருக்கை தானாகப் பின்னால் போகும். "உங்க வண்டிக்கு என்னைப் பிடிக்கல தம்பி" என்பார் அண்ணி. பிடிக்கவில்லைதான்.

அடுத்து இன்ஜினைக் குளிர வைக்கும் தண்ணீர்க் குழாய். வெறும் பிளாஸ்டிக். ஆனால் அதைத் தொட வேண்டுமென்றால் இன்ஜினில் பாதியைக் கழற்ற வேண்டும். குழாய்க்குக் கொடுப்பது கொசுறு, கூலிதான் மலை. அது முடிந்ததும் இன்ஜினுக்குள் ஓடும் டைமிங் செயின். மெக்கானிக் பில்லை நீட்டும்போது முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்வார், இரக்கமுள்ள மனிதர். ஒரு முகப்பு விளக்கு மாற்றிய காசில் புது ஃபிரிட்ஜ் வாங்கியிருக்கலாம் என்று அண்ணி சொல்லிக்கொண்டே இருந்தார். வாங்கியிருக்கலாம், உண்மைதான். ஆனால் ஃபிரிட்ஜில் ஏறி எங்கே போவது?

கையைக் கடிக்கத் தொடங்கியதும் நானே வேலையைக் கற்றுக்கொண்டேன். வீடியோ பார்ப்பது, கழற்றுவது, திட்டு வாங்குவது, திரும்ப மாட்டுவது. பெண் வீட்டார் என்னைப் பார்க்க வந்த அன்று கிரீஸ் கையோடு போய்க் கும்பிட்டேன். அவர்கள் அப்புறம் பேச்செடுக்கவில்லை. எனக்கு அதில் பெரிய வருத்தமில்லை. அன்று மாலைதான் காற்று அடைக்கும் கம்ப்ரஸர் முதல்முறையாக ஒழுங்காக ஓடியது.

காற்று எதற்கு என்று கேட்கிறீர்கள். சாதாரண வண்டி இரும்புச் சுருள்மேல் நிற்கும். இது காற்றின்மேல் நிற்கும், சார். சக்கரத்துக்கு ஒரு ரப்பர் பை. ஒரு பொத்தானை அழுத்தினால் வண்டி நன்றாக உயரும், ஆள் தாராளமாக அடியில் நுழையலாம். இன்னொன்றை அழுத்தினால், ஏறி இறங்க வசதியாகத் தரையோடு தாழ்ந்து உட்காரும். பழசானால் பைகள் விரிசல் விட்டுக் காற்று கசியும். காலையில் பார்த்தால் வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து படுத்திருக்கும். எல்லாப் பைகளையும் என் கையாலேயே மாற்றினேன். அதன் பிறகு அது சாயவே இல்லை.

அதில் ஒரு பாதுகாப்பும் உண்டு. ஏதாவது ஒரு கதவு திறந்திருந்தால் வண்டி கீழே இறங்காது. இறங்கச் சொல்லிப் பொத்தானை அழுத்தியிருந்தாலும் அப்படியே காத்து நிற்கும். கதவைச் சாத்தியதும் இறங்கும். முட்டுக் கொடுக்காமல் அடியில் போகாதீர்கள் என்று மெக்கானிக் தலையில் அடித்துக்கொள்வார். நாங்கள் எங்கே கேட்டோம்? எங்களுக்கென்று ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம். ஒருவர் அடியில் போனால், மற்றவர் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து கதவைத் திறந்து ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொள்வது. கால் வெளியே இருக்கும்வரை கதவு மூடாது அல்லவா? அண்ணனை நம்பி நான் எத்தனையோ முறை அடியில் கிடந்திருக்கிறேன். ஒருமுறை எறும்பு மொய்த்துக் கடித்தும் அவர் காலை எடுக்கவில்லை. நான் வெளியே வந்த பிறகுதான் சொறிந்துகொண்டார். அவ்வளவு நல்லவர்.

அவர் இறந்த அந்த வாரம்தான் வண்டியைக் கொடுத்துவிடலாம் என்றார்.

"போதும்டா. கடைக்கு உழைக்கறதவிட இதுக்குத்தான் அதிகமா உழைக்கிறோம். பிள்ளைங்க படிப்பு இருக்கு."

"யாருண்ணே வாங்கறாங்க?"

"வண்டி உடைக்கிறவர்தான். பிரிச்சு விப்பாராம். திங்கக்கிழமை காலைல வர்றார். நீ மாட்டுன காத்துப் பைங்களுக்கு மட்டும் தனியா நல்ல விலை தர்றேன்னு சொன்னார்டா."

என்னைச் சந்தோஷப்படுத்தத்தான் கடைசியில் அதைச் சொன்னார், எனக்குத் தெரியும். ஆனால் நன்றாக ஓடிக்கொண்டிருப்பதை எப்படிப் பிரிக்க மனம் வரும்?

கெஞ்சியிருக்கலாமே என்பீர்கள். கெஞ்சினால் அண்ணன் இளகிவிடுவார், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அடுத்த பில் வந்ததும் மறுபடி இதே பேச்சு வரும், நான் மறுபடி கெஞ்ச வேண்டும். எத்தனை நாளைக்கு? நிதானமாக யோசித்துப் பார்த்தேன். சிக்கல் வண்டியில் இல்லை. அதை விற்கப் போடப்போகும் அண்ணன் கையெழுத்தில்தான் இருந்தது.

ஞாயிறு மதியம், கடைக்குப் பின்னால் உள்ள ஷெட். வண்டியை உயர்த்தி நிறுத்தியிருந்தேன்.

"அண்ணே, பின்பக்கம் காத்து கசியற மாதிரி ஒரு சத்தம். எனக்குச் சரியாக் கேக்கல. நீங்க ஒரு தடவை பாக்கறீங்களா?"

"நாளைக்குப் போற வண்டிக்கு எதுக்குடா?" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். அட்டைப்பெட்டியைப் பிரித்து விரித்து, மல்லாந்து படுத்து உள்ளே நகர்ந்தார்.

"காலை ஊணிக்கிட்டியா?"

"ஊணிக்கிட்டேன்ணே."

நான் அண்ணனிடம் பொய் சொல்கிறவன் இல்லை. ஊன்றித்தான் இருந்தேன். ஆனால் இறங்கும் பொத்தானை அதற்கு முன்பே அழுத்தியிருந்தேன்.

நீங்கள் என்ன எழுதியிருக்கிறீர்கள்? வண்டி பழசு, காற்றுப் பை கசிந்து தானாக இறங்கிவிட்டது. அண்ணி அதை எனக்குப் படித்துக் காட்டினார். அவ்வளவு அழுகையிலும், "நீங்க மனசை விட்டுடாதீங்க தம்பி. அந்தப் பாழாப்போன வண்டிதான் இப்படிப் பண்ணிடுச்சு" என்று எனக்கே ஆறுதல் சொன்னார். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. செய்யாத குற்றத்துக்கு வண்டியை இங்கே உங்கள் ஸ்டேஷன் வாசலில் வெயிலில் காயப்போட்டிருக்கிறீர்கள். யாரையாவது விட்டு அந்தப் பைகள்மேல் சோப்புத் தண்ணீரை அடித்துப் பாருங்கள், சார். ஒரு குமிழி வராது. சொன்னபடி நின்றது, சொன்னபடி இறங்கியது, அவ்வளவுதான்.

என் பேச்சை நம்ப வேண்டாம். கசிவு இல்லை என்பதற்கு அண்ணனே சாட்சி. அடியில் படுத்தபடி கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டுவிட்டு அவர்தான் சொன்னார்: "ஒரு சத்தமும் இல்லடா. பிரமாதமா மாட்டியிருக்கே."

அதைக் கேட்ட பிறகுதான் நான் காலை உள்ளே எடுத்துக் கதவைச் சாத்தினேன்.