சங்கஞ்செடிச் சாறு

ஜெயபாண்டி: ...ஒரே ஒரு குப்பி போதும் மாப்ள. பேராசிரியர் கையால குடுத்தா இன்னும் விசேஷம்.

செல்வக்குமார்: மச்சான், இது காலேஜு லேபு. மருந்துக்கடை இல்ல.

ஜெயபாண்டி: பாளையம்பட்டி பஸ் ஸ்டாப்புல இருக்கிற பிளெக்ஸு அப்படிச் சொல்லலையே. 'காசநோயைக் கருவறுத்த கல்லூரிச் சிங்கமே'ன்னு போட்டிருக்கு. போட்டோவுல கன்னத்துல கைய வேற வச்சிருக்க.

செல்வக்குமார்: அது பசங்க பாசத்துல...

ஜெயபாண்டி: வாசகம் நீ எழுதிக் குடுத்ததுன்னு பிளெக்ஸ்காரன் சொன்னான்.

செல்வக்குமார்: ...யாருக்கு மச்சான் மருந்து?

ஜெயபாண்டி: தெரிஞ்ச ஆளுக்கு. விடாத இருமல். டி.பி.ன்னு சொல்லிட்டாக.

செல்வக்குமார்: ஆஸ்பத்திரி மாத்திர சாப்பிடுறாகளா?

ஜெயபாண்டி: சாப்பிட்டாக. ஒன் பிளெக்ஸப் பாத்ததும் நிப்பாட்டியாச்சு.

செல்வக்குமார்: நிப்பாட்டியாச்சா? பாதியில விட்டா, பெறகு அந்த மாத்திரையே கேக்காது மச்சான். உசுருக்கு ஆபத்து. இன்னைக்கே போடச் சொல்லுங்க.

ஜெயபாண்டி: நான் சொன்னா யாரு நம்புவா? நான் தறி ஓட்டுறவன். திருச்சுழிக் காட்டுச் சங்கஞ்செடியில மருந்துச் சரக்கத் தனியாப் பிரிச்சு, கிருமியக் கொன்னவுக நீங்க.

செல்வக்குமார்: கொன்னது... தட்டுல வளத்த கிருமிய. நெஞ்சுக்குள்ள இருக்கிறத இல்ல.

ஜெயபாண்டி: தட்டுலயாவது கொன்னுச்சுல்ல?

செல்வக்குமார்: அந்தக் கதவச் சாத்துங்க. இலைய ஸ்பிரிட்டுல ஊறப்போட்டுத்தான் சரக்க எறக்குவோம். அப்பறம் ஸ்பிரிட்டு சொட்டு இல்லாமப் போகணும். அதக் காயவைக்கிற மெஷினு ரிப்பேரு. மொட்டமாடி வெயில்ல வச்சேன்.

ஜெயபாண்டி: நம்மூரு வெயிலு எந்த மெஷினையும் தோக்கடிக்குமே.

செல்வக்குமார்: அன்னைக்குன்னு பாத்து மழ வந்துருச்சு.

ஜெயபாண்டி: ஓ... ஊரே கூத்தாடுச்சே, அந்த மழையா?

செல்வக்குமார்: அதேதான். அரகொறையாக் காஞ்சத எடுத்துச் சென்னைக்கு டெஸ்டுக்கு அனுப்பிட்டேன். கிருமி செத்துருச்சுன்னு பதில் வந்துச்சு; ஆனா கொன்னது மிச்சமிருந்த ஸ்பிரிட்டு, செடி இல்ல. பெறகு நல்லாக் காயவச்சு அனுப்புனேன். கிருமி கொழுகொழுன்னு வளந்திருக்குன்னு பதில் வந்துச்சு.

ஜெயபாண்டி: எப்ப வந்துச்சு?

செல்வக்குமார்: பிளெக்ஸு கட்டுன மறுநாள். கழட்டுனா மானம் போயிரும்னு...

ஜெயபாண்டி: சரி, கெளம்பு. இத நீயே நேர்ல வந்து சொல்லு.

செல்வக்குமார்: முன்னபின்ன தெரியாதவுககிட்ட எப்படி மச்சான்... யாரு அவுக?

ஜெயபாண்டி: ஒன் அக்காதான். தம்பி கண்டுபிடிச்ச மருந்தத் தவிர வேற எதையும் தொட மாட்டேன்னு ஒக்காந்திருக்கா. சீக்குன்னு தெரிஞ்சா நீ ஆராய்ச்சியப் போட்டுட்டு ஓடி வந்துருவியாம். அதான், ஒங்கிட்ட மூச்சு விடக் கூடாதுன்னுட்டா.