மிச்சம் ரெண்டு மீன்

குச்சவெளி பஸ்ஸில் நித்திரை கொள்ளத்தான் ஜன்னலோரம் பிடித்தேன். முன் சீட்டில் கம்பியூட்டர் வகுப்புக்குப் போகும் இரண்டு பெண்கள் விடவில்லை.

“பதினேழு மீனை அஞ்சு பேருக்குப் பிரிக்க, ஆளுக்கு மூண்டு தசம் நாலாம். பைதன் புரோகிராம் சொல்லுது.”

“தசம் நாலு எண்டால் தலையோ, வாலோ?”

“பிறகு வகுக்கிற இடத்தில ரெண்டு சாய்கோடு போட்டன். முழுசாய் மூண்டு வந்துது. சதவீதக் குறி போட, மிச்சம் ரெண்டு எண்டு காட்டிச்சுது.”

“அந்த ரெண்டையும் என்ன செய்தனி?”

“கடலுக்குப் போக ஆளில்லாத வீட்டுக்கு எண்டு இன்னொரு வரி எழுதினன். எங்கட கரையில அப்பிடித்தானே.”

மற்றவள் அவள் பக்கம் திரும்பினாள். “அப்பா செத்த பிறகு எங்களுக்கும் அப்பிடித்தான் வந்தது.”

“தெரியும். போன வகுப்பில மிஸ் பாத்திட்டு, கேள்வியில இது இல்லையே எண்டு சொன்னா.”

“பிறகு?”

“புரோகிராமை ஓட்டிக் காட்டினன். ஒரு பிழையும் வரேல்லை.”