கம்பியில் தொங்கிய டியூப்

விளக்கை அணைத்தது நான்தான், யாரும் அலறாதீர்கள். வெளிச்சத்தில் சொன்னால் இது எடுபடாது. கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். நடுவில் எவனாவது சிரித்தால் எழுந்து போய்விடுவேன், இப்போதே சொல்லிவிட்டேன்.

என் சிநேகிதனின் மாமனாருக்கு நடந்தது இது. பஸ் டிரைவர். இரவு ஒன்பதே கால்... கடைசி டிரிப்பை முடித்துவிட்டு, டிப்போ சுவரை ஒட்டிய சாலையில் தனியாக நடந்து வருகிறார். ஈ காக்கை இல்லை. வீட்டில் காத்திருக்கவும் ஆளில்லை. மனைவி செத்து இருபத்திரண்டு நாள்.

பூட்டைத் திறக்கிறார். இருட்டு. குளியலறையிலிருந்து... சொட்... சொட்... சொட்.

காலையில் பைப்பைச் சரியாக மூடவில்லையோ என்று போய்ப் பார்த்தால், பைப் மூடித்தான் இருக்கிறது. துணி காயப்போடும் கம்பியில் டியூப் தொங்குகிறது. இரண்டு முனையிலும் தண்ணீர்.

எந்த டியூப் என்கிறாயா? இருடா, அவசரக்குடுக்கை. மனிதர் விடுகிற குறட்டைக்குப் பக்கத்து வீட்டு நாய் எழுந்து குரைக்கும். தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிற வியாதி. ராத்திரித் தூக்கம் கெட்டு, ஒருநாள் ஸ்டியரிங்கிலேயே கண் சொருகிவிட்டது. டாக்டர் சி-பேப் மெஷின் எழுதிக்கொடுத்தார். மூக்குக்கு மாஸ்க், அதிலிருந்து நீளமாக ஒரு டியூப், ராத்திரி முழுக்க மெஷின் காற்றை ஊதும். மாட்டிக்கொண்டு மூச்சு விட்டால் தானே ஓடும். கழற்றினால் நாலு விநாடியில் தானே நின்றுவிடும்.

அதைக் கழுவுவது செத்துப்போன அந்தம்மாவின் வேலை. தினமும் காலையில் வெதுவெதுப்பான தண்ணீர், குழந்தைகளுக்குப் போடுகிற சோப்பு. மாஸ்க்கை வெயில் படாமல் துண்டின் மேல் வைப்பார். டியூப்பைக் கம்பியில் நடுவாகப் போட்டு, இரண்டு முனையும் கீழே பார்க்கத் தொங்கவிடுவார். "உள்ள தண்ணி நின்னா பூசணம் புடிக்கும். அப்புறம் அதைத்தான் மூச்சா இழுக்கணும்" என்பார். புருஷனைத் தொடவே விடமாட்டார்.

அந்தம்மாவுக்கே ஒரு ராத்திரி மூச்சு முட்டியது. பக்கத்தில் படுத்திருந்தவரை எழுப்பப் பார்த்திருக்கிறார். மெஷின் இரைச்சல்... பல வருஷமாக வராத நல்ல தூக்கம் அவருக்கு. காலையில் மாஸ்க்கைக் கழற்றிவிட்டுத் திரும்பினால், அவருடைய போர்வை நுனியைப் பிடித்தபடி அந்தம்மாவின் கை விறைத்துக் கிடக்கிறது. அவள் பங்குக் காற்றையும் நானே குடித்துவிட்டேன் என்று போவோர் வருவோரிடமெல்லாம் சொல்லி அழுதார். அதற்கப்புறம் மாஸ்க்கைக் கழுவவே இல்லை. நாற்றத்தோடுதான் மாட்டிக்கொண்டு படுப்பார்.

இன்றைக்கு டியூப் சொட்டுகிறது. குழந்தை சோப்பு வாசனை. நீங்களும் நானுமாக இருந்தால் பிடரியில் கால் பட ஓடியிருப்போம். அவர் ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"வந்துட்டியா?"

அன்றிலிருந்து தினமும் அப்படித்தான். அவர் வேலைக்குப் போய்விட்டு வந்தால், கழுவித் தொங்கும். மகள் போனில் கெஞ்சினாள். "அப்பா, நீங்களே கழுவிட்டு மறந்துடுறீங்க. எங்ககூட வந்துடுங்கப்பா."

"நான் வந்துட்டா அவ யாருக்கும்மா கழுவுவா?"

ஒரே ஒரு தொந்தரவு. தினமும் ராத்திரி மாஸ்க் தலையில் ஏறாது. பட்டை இறுகியிருக்கும். அவருக்குப் பெரிய தலை, பட்டையைக் கடைசி வரைக்கும் தளர்த்தினால்தான் நுழையும். தளர்த்திவிட்டுப் படுப்பார். மறுநாள் ராத்திரி பார்த்தால் மறுபடியும் இறுக்கம். கழுவும்போது இழுபட்டிருக்கும் என்று விட்டுவிட்டார்.

பத்துப் பதினைந்து நாள் போனது. ஒரு ராத்திரி தளர்த்தப் போனவர், தளர்த்தாமல் அப்படியே கையில் வைத்துப் பார்த்தார். சின்ன வளையம்... சின்ன முகம். முப்பத்தோரு வருஷம் பார்த்த முகத்தின் அளவு தெரியாதா?

உடனே என் சிநேகிதனுக்குப் போன்.

"மாப்ள... அவ எனக்காகக் கழுவலப்பா. நான் வேலைக்குப் போனதும் எடுத்துப் போட்டுக்கிறா. போட்டதைக் கழுவி வைக்கிறா. இன்னும் மூச்சு முட்டுது போல அவளுக்கு..."

"மாமா, நீங்க மாஸ்க் இல்லாம படுக்கக் கூடாது. போட்டுக்குங்க. நாங்க இப்பவே கிளம்புறோம்."

"ஒரு ராத்திரியாவது அவ நிம்மதியா தூங்கட்டுமே."

வைத்துவிட்டார். திருப்பி அடித்தால் எடுக்கவில்லை.

நாலு மணி நேரக் கார் பயணம். மகளிடம் மாற்றுச் சாவி இருந்தது. கதவைத் திறந்தார்கள். குறட்டை இல்லை... மாஸ்க் இல்லாமல் படுத்தால் அவர் குறட்டை வாசல் வரைக்கும் கேட்க வேண்டும். படுக்கையறையில் "ஸ்ஸ்..." என்று ஒரு சத்தம் மட்டும்.

மனைவியின் தலையணைப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். முகத்தில் மாஸ்க் இல்லை. உடம்பு சில்லிட்டு வெகுநேரம் ஆகியிருந்தது. மகள் அவர் காலைக் கட்டிக்கொண்டு கதறினாள்.

என் சிநேகிதன்தான் அந்தத் தலையணையைப் பார்த்தான். மாஸ்க் அதன் மேல் இருந்தது. பட்டை சின்னதாக இறுகி... தலையணையின் நடுவில் ஒரு குழி.

மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. சீராக. மாஸ்க்கின் உள்பக்கம் பனிபூக்கிறது... தெளிகிறது... பனிபூக்கிறது.

அவன் மெஷினை அணைக்கக் கையை நீட்டினான். மகள் எழுந்து வந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாங்க... அம்மா தூங்குறாங்க."